வெல்ஷ் துரையும் சிப்பாயின் தலைப்பாகையும்

பட்டாளத்தில் சேர்ந்தவன் உடுப்பு அணிந்த வேளையில் எப்படி நிற்க வேண்டும், யாருக்கு எவ்விதம் சலாம் செய்ய வேண்டும், முகத்தில் எவ்வளவு மயிர் இருக்கலாம் என்பனவற்றையெல்லாம் விதிகளாக எழுதி வைப்பது உலகத்துச் சேனைகள் அனைத்துக்கும் பொதுவான வழக்கம். இவ்விதிகளைக் கேட்கும் சாதாரண ஜனங்களுக்கு இவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் அந்நாளைய சென்னை மாகாணத்தில் 1806-ஆம் ஆண்டில், சில வரிகளே கொண்ட இத்தகைய விதி ஒன்று பல நூறு உயிர்களைக் குடித்தது. கவர்னரையும் பிரதம சேனாதிபதியையும் பதவியிலிருந்து இறக்கியது. அதனால் எழுந்த பீதி தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டை வரையில் பரவி, ஒரு குற்றமும் ருசுவாகாத பல நூறு சிப்பாய்களைக் கோட்டைக்கு வெளியே தள்ளியது. அவ்வாறு தள்ளிய அதிகாரியின் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ்.

வெல்ஷ் நம் பக்கத்து மனிதரல்லர். நம் பாளையக்காரர்களை அழிக்க வந்த கம்பெனிச் சேனையின் உத்தியோகஸ்தர். ஆயினும் அவருடைய சரித்திரத்தைத் தமிழர் அறிந்திருத்தல் நலம். மருது சகோதரர்களின் தோற்றத்தையும் குணத்தையும், ஊமைத்துரையின் போர்முறையையும் நேரில் கண்டு எழுதியவர் அவர். 1830-ஆம் ஆண்டில் லண்டனில் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட ராணுவ நினைவுகள் என்னும் நூல் இல்லாவிட்டால், அவ்வீரர்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள அரிய செய்திகள் சில மறைந்தே போயிருக்கும். பகைவன் சொல்லும் நற்சாட்சிக்கு மதிப்பு அதிகம் அல்லவா? அதே சமயம், நம்மவர்களின் தன்மையை இவ்வளவு நெருங்கி அறிந்த ஒருவர்கூட, அச்சம் பிடித்த ஒரு நாளில் எவ்வளவு தூரம் தவறிவிடக்கூடும் என்பதற்கும் அவரே உதாரணமாகிறார்.

1775-ஆம் ஆண்டில் பிறந்த வெல்ஷ், 1790-களின் தொடக்கத்தில், மீசை அரும்பும் பருவத்தில் சென்னைக்கு வந்து கம்பெனிப் பட்டாளத்தில் அமர்ந்தார். அந்நாளில் வெள்ளைக்காரச் சிப்பாயின் உடுப்பே ஒரு தண்டனை என்று சொல்லலாம். கழுத்தைத் திருப்பவொட்டாத தோல் பட்டை. மார்பை இறுக்கும் சிவப்புச் சட்டை. பின்தலையில் பின்னித் தொங்கவிட்ட சடை. அந்தச் சடை பயனற்றது என்று கண்டு பிரிட்டிஷ் சேனையிலிருந்து அதை நீக்க 1808-ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. நம் நாட்டுச் சிப்பாய்க்கும் சிவப்புச் சட்டை தரப்பட்டது. ஆனால் இடுப்புக்குக் கீழே தொடையளவான சல்லடம், காலில் செருப்பு, தலையில் பாகை என்று உள்ளூர் வழக்கமே நீடித்தது. நெற்றியில் விபூதியும் நாமமும், காதில் கடுக்கனும், முஸ்லிம் சிப்பாயின் முகத்தில் தாடியும் இருந்தன. சட்டை கம்பெனியுடையது, முகம் தன்னுடையது. எழுதப்படாத இந்த உடன்படிக்கையின் மேல் சென்னைச் சேனை சுமார் அரை நூற்றாண்டுக் காலம் நின்றது.

மரியாதை விஷயத்தில் மட்டும் நிலைமை நாளுக்கு நாள் சீர்கெட்டு வந்தது. 1750-களிலும் 1760-களின் தொடக்கத்திலும் கான் சாகிப் என்னும் யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டராக விளங்கி, மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டார். 1796-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு பட்டாளத்திலும் வெள்ளைக்கார அதிகாரிகளின் தொகை பெருகிற்று. சுபேதார், ஜமேதார்களின் செல்வாக்குச் சுருங்கிற்று. முப்பது வருஷம் சேவை செய்து தலை நரைத்த சுபேதாரும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவரே. சலாம் ஒரு பக்கமாக மட்டும் செல்லத் தொடங்கினால், சேனையின் உள்ளம் வெறுமையாகி வருகிறது என்று அறியலாம்.

இந்தச் சூழ்நிலையில், 1795-ஆம் ஆண்டில் இளம் வெல்ஷுக்குச் சிவகங்கையில் ஒரு பாக்கியம் கிட்டியது. அங்கே சின்ன மருதுவின் நட்பைப் பெற்றார். பருத்த உடலும் அழகிய முகமும் எவரோடும் இனிமையாகப் பழகும் சுபாவமும் உடையவர் சின்ன மருது. வாயிற் காவலின்றி யாரும் வந்து காணத்தக்கதாக அவருடைய மாளிகை திறந்து கிடந்தது. அண்ணன் பெரிய மருதுவோ வேட்டைப் பிரியர். ரூபாய் நாணயத்தைக் கைவிரலால் வளைக்கும் பலசாலி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. வெல்ஷ் மதுரைக்குப் போன பின்னரும் நல்ல அரிசியும் பழமும் அனுப்பி அன்பு காட்டினார். பட்டாள உடுப்போ பதவிப் பட்டையோ இல்லாத அந்த மனிதரிடம் ஆயிரக்கணக்கானோர் ஏன் கட்டுப்பட்டு நின்றனர் என்பதை நேரில் பார்த்தறிய வெல்ஷுக்கு வாய்த்த முதல் தருணம் அது.

இரண்டாவது தருணம் திருநெல்வேலிச் சீமையில் வந்தது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பின், அவர் தம்பி ஊமைத்துரையையும் பிறரையும் கம்பெனியார் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்திருந்தனர். 1801-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ஆம் தேதி, துரைமாரும் துரைசானிகளும் விருந்துண்டு கொண்டிருந்த வேளையில், கைதிகள் காவலரை மடக்கித் தப்பிச் சென்றனர். அவர்களை மீட்க வந்த தோழர்கள் விறகுக் கட்டுகளுக்குள் ஆயுதங்களை ஒளித்துக்கொண்டு, விறகு விற்போர்போல் ஊருக்குள் புகுந்தனர் என்பது வழிவழிச் செய்தி. இரண்டு வருஷத்துக்கு முன் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, சில தினங்களுக்குள் மண்சுவரும் கொத்தளமுமாக மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு கம்பெனிச் சேனை திகைத்தது. மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி அக்கோட்டையை ஏறிப் பிடிக்க முயன்ற படை பெரும் நஷ்டத்துடன் திரும்பியது. பின்னர் கர்னல் அக்னியூ புதிய பலத்துடன் வந்து தலைமை வகித்து, மே மாதம் 24-ஆம் தேதி அதைக் கைப்பற்றினார். அந்தச் சேனையில் இருந்து அப்போரைக் கண்ணால் கண்டவர் வெல்ஷ்.

அங்கே வெல்ஷின் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஊமைத்துரை. மெலிந்த, நோயாளி போன்ற தோற்றம்; பேச்சோ இல்லை. ஆனால் அவருடைய சைகை ஒவ்வொன்றும் தேவ வாக்காகக் கொள்ளப்பட்டது. சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் பரப்புவார்; அவை ஆங்கிலேயர் படை. வேண்டிய குறிப்புகளைக் காட்டிய பின், வாயால் ஓர் ஒலியெழுப்பி, மற்றக் கையால் துரும்புகளைத் துடைத்துத் தள்ளுவார். அதுவே தாக்குதலுக்கு உத்தரவு. குழலும் முரசும் எழுத்து மூலமான கட்டளையும் இன்றி, அந்தக் கையசைவு ஒன்றுக்காக மனிதர் பீரங்கி வாயில் பாய்ந்தனர். ராணுவக் கட்டுப்பாடு என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் ஐரோப்பாவின் கவாத்து மைதானங்களிலும் இருந்திராது. அதன் வேர், தலைவன் தங்களை மதிக்கிறான் என்று வீரர்கள் கொண்ட நம்பிக்கையில் இருந்தது.

அவ்வாண்டின் இறுதி வெல்ஷுக்கு எளிதானதாக இல்லை. தமக்கு வளரி வீசக் கற்பித்த ஆசானைக் காட்டு மிருகத்தைப் போல் வேட்டையாடிச் செல்லும் படையில் அவரும் சென்றார். சின்ன மருது தொடை எலும்பு முறிந்து சிறையில் வாடியதைப் பார்த்தார். 1801-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் அச்சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அந்தத் துயரக் காட்சியும் அவர் கண் முன்னே நிகழ்ந்தது. அடுத்த மாதம் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். தம் நூலில் வெல்ஷ் இதை மறைக்கவில்லை. ஆறாத வருத்தத்துடனேயே எழுதினார். ஆனால் வருத்தம் வேறு, பாடம் கற்றல் வேறு என்பதை அடுத்த ஐந்து வருஷங்கள் காட்டின.

1805-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைச் சேனைக்குப் புதிய மாதிரித் தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. 1806-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரதம சேனாதிபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் ராணுவ விதிகள் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றின் பத்தாவது பிரிவு, உடுப்பு அணிந்த சிப்பாய் நெற்றியில் மதக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, கவாத்துக்கும் சேவைக்கும் வரும்போது மோவாய் மழித்திருக்க வேண்டும், மீசையும் கூடியவரை ஒரே அளவும் வடிவும் கொண்டிருக்க வேண்டும் என்று கூறிற்று. புதிய பாகையோ வெள்ளைக்காரன் தொப்பியின் சாயலில் இருந்தது. அதில் தோலாலான குஞ்சமும் இருந்தது. பசுவின் தோலோ, பன்றியின் தோலோ என்று சிப்பாய் நடுங்கினான். தொப்பிக்காரன் என்றாலே வெள்ளைக்காரன் என்று பொருள்படும் நாட்டில், தொப்பி அணிந்தவனை ஊரும் உறவும் என்னவென்று சொல்லும்? இந்த உத்தரவுகள் பிறந்த ராணுவக் காரியாலயத்தின் தலைமையில் இருந்தவர், பாஞ்சாலங்குறிச்சியை வென்ற அதே அக்னியூ. தென்னாட்டு மனிதரின் மானத்தை ஈட்டி முனையில் சந்தித்தவர், ஐந்தே ஆண்டுகளில் அதை மறந்து போனார்.

நியாயமாகப் பேசுவோம். சேனைக்கு ஒரே மாதிரியான தோற்றம் தேவை என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. புகை சூழ்ந்த களத்தில் தன்னவனையும் மாற்றானையும் அறிவதற்கு உடுப்பே அடையாளம். செல்வன் மகனும் ஏழை மகனும் ஒரே சட்டையில் நிற்கும்போது இருவரும் சமம் என்னும் எண்ணம் பிறக்கிறது. சுத்தமும் ஒழுங்கும் நோயைத் தடுத்து ஊக்கத்தை வளர்க்கின்றன. கிரடாக்கும் அக்னியூவும் சிப்பாய்களை மதம் மாற்றக் கருதினார்கள் என்று சொல்லவும் இடமில்லை. அவர்களுடைய குற்றம் வேறு. உடுப்பைப் பற்றி விதி செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தைச் சட்டையின் எல்லையைத் தாண்டி உடலின் மேலும் செலுத்தினார்கள். செலுத்துவதற்கு முன் அணிகிறவனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மே மாதத்தில் வேலூரில் இருந்த பட்டாளம் ஒன்று புதிய பாகையை அணிய மறுத்தது. அதற்காக ஒரு முஸ்லிமுக்கும் ஒரு ஹிந்துவுக்கும் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. இருவருக்கும் தண்டனை ஒன்றே. இரு சமயத்தாருக்கும் நேர்ந்த அவமானமும் ஒன்றே. ஜூலை மாதம் 10-ஆம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. அங்கிருந்த 23-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிப் பாளையப்பட்டுகளிலிருந்து சேர்ந்தோர் பலர் இருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோயாளிகளையும் சுட்டது அன்றைய கலகக்காரரின் மேல் படிந்த கறை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டார். பிறகு நிகழ்ந்த பழிவாங்கலில் பல நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். தலைப்பாகை உத்தரவு அந்த ஜூலை மாதத்திலேயே ரத்தாயிற்று. அடுத்த ஆண்டில் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இதே காலத்தில் ஹைதராபாத்தில் நிகழ்ந்ததை இங்கே நினைவூட்டுவது தகும். அங்கிருந்த சென்னைப் படையிலும் பாகையைப் பற்றிய கொதிப்பு மிகுந்திருந்தது. படைத்தலைவர் கர்னல் மாண்ட்ரஸர் உள்ளூர் நிலைமையை அறிந்தவர்களைக் கலந்து ஆலோசித்து, மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், தம் பொறுப்பிலேயே அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தார். ஹைதராபாத் வேலூராகவில்லை. மேலதிகாரியின் விதியை ஒரு வேளை நிறுத்தியதால் கட்டுப்பாடு குலையவில்லை, காப்பாற்றப்பட்டது.

பாளையங்கோட்டைக்கு வருவோம். 1806-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வேலூரில் ரத்தம் சிந்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கோட்டைத் தலைமை வெல்ஷின் கையில் இருந்தது. முஸ்லிம் சிப்பாய்கள் வெள்ளைக்காரரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று அவர் காதில் ஒரு செய்தி விழுந்தது. வேலூரில் இறந்தோரின் நினைவு ஒவ்வொரு வெள்ளைக்காரரின் மனத்திலும் பசுமையாயிருந்த காலம் அது. வெல்ஷ் பொறுத்து விசாரிக்கவில்லை. படையின் ஆயுதங்களைப் பறித்தார். இந்திய அதிகாரிகள் சிலரைக் கைது செய்தார். முஸ்லிம் சிப்பாய்கள் பல நூறு பேரைக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். ஹிந்துச் சிப்பாய்கள் மட்டும் உள்ளே நிறுத்தப்பட்டு, கொடிக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்தனர்.

வாசகர்கள் சிறிது சிந்தித்துப் பார்க்க வேண்டும். மார்ச்சு மாதத்து விதி, ஒரே உடுப்புக்குள் இருப்போரிடையே மத வேற்றுமை தெரியலாகாது என்ற காரணத்தால் நெற்றியைத் துடைக்கவும் தாடியை மழிக்கவும் சொல்லிற்று. நவம்பர் மாதத்தில் கம்பெனியின் அதிகாரி ஒருவரே, அந்த ஒரே உடுப்புக்குள் இருந்தவர்களை மதம் பார்த்து இரு கூறாக்கினார். சிப்பாய் தன் முகத்தைக் கம்பெனிக்காக மாற்ற வேண்டும். கம்பெனியோ சந்தேகம் வந்தால் அவன் சட்டையைப் பார்க்காது, அவன் பெயரைக் கேட்கும். அப்படியானால் அந்தச் சட்டையின் பொருள் என்ன? அன்று தாமிரபரணிக்குப் பாலமில்லை. சுலோசன முதலியார் பாலம் எழுந்தது 1843-ஆம் ஆண்டில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், கம்பெனிக்காகப் போர் புரிந்தவர்கள் ஆயுதமின்றி, குற்றச்சாட்டும் இன்றி, கோட்டை வாயிலுக்கு வெளியே நின்ற காட்சியை நினைத்தால் மனம் நோகிறது.

வெல்ஷின் அவசரத்தைக் கம்பெனி அரசாங்கமே ஏற்கவில்லை. அவர் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஆனால் அந்த நீதிமன்றம் அவரைக் கௌரவத்துடன் விடுதலை செய்தது. கோட்டைத் தலைவன் தன் பொறுப்பிலுள்ள உயிர்களைக் காக்கத் துணிந்தது பிழையாகாது என்று நீதிபதிகள் கருதியிருக்கலாம். மாண்ட்ரஸரும் தம் பொறுப்பில் துணிந்தவர்தான். வெல்ஷும் தம் பொறுப்பில் துணிந்தவர்தான். முன்னவர் சிப்பாயை நம்பித் துணிந்தார். பின்னவர் சிப்பாய்க்கு அஞ்சித் துணிந்தார். இந்த வேறுபாட்டை எடைபோடும் தராசு அந்த நீதிமன்றத்தில் இருக்கவில்லை. வெளியேற்றப்பட்ட சிப்பாயின் பக்கத்தைப் பேசி வெளிவந்த இரண்டு பாக நூலும் இல்லை.

வெல்ஷ் அதன் பிறகும் பல ஆண்டுகள் சேவை செய்தார். 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் தேதி, வேலுத்தம்பித் தளவாயின் படை காத்து நின்ற ஆரல்வாய்மொழி அரணை, இரவில் மலைச்சரிவேறித் தாக்கிய படைக்கு அவரே தலைமை வகித்தார். திருநெல்வேலியிலிருந்து திருவிதாங்கூருக்குச் செல்லும் அந்த வாயிலை அவர் வென்றது அவருடைய புகழுக்குப் புகழ் சேர்த்தது. பின்னாளில் தம் நாட்குறிப்புகளைத் தொகுத்து, பல சித்திரங்களுடன் நூலாக்கினார். ஜெனரல் பதவியை அடைந்து 1861-ஆம் ஆண்டில் காலமானார். தம் முதுமையில் 1857-ஆம் ஆண்டின் பெருங்கலகத்தைக் கேட்டறியும் வரையில் அவர் உயிர் வாழ்ந்திருந்தார். அப்போது தோல் குஞ்சத்தின் இடத்தில் கொழுப்புத் தடவிய தோட்டா இருந்தது. மற்றபடி கதை பெரும்பாலும் ஒன்றே. வேலூர் கற்பித்த பாடத்தை அரை நூற்றாண்டுக்குள் கம்பெனி அடியோடு மறந்திருந்தது.

வெல்ஷைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. சின்ன மருதுவின் அன்பை மறவாமல் எழுதி வைத்த நன்றியுள்ளவர் அவர். ஊமைத்துரையின் துரும்பு விளையாட்டில் பெருந்தலைவனைக் கண்ட கண்ணுடையவர். அத்தகையவரே பாளையங்கோட்டையில் தம் கீழிருந்த மனிதரைப் பெயர் பார்த்துப் பிரித்தார் என்பதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டும். தனி மனிதனாக ஒருவரை அறிந்து நேசிப்பது ஒன்று. அதிகாரத்தில் அமர்ந்து, கூட்டமாக நிற்போரையும் தனித்தனி மனிதராகக் காண்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினம். அதைக் கற்பதற்கே ராணுவ மரியாதை என்னும் முறை ஏற்பட்டது. கீழ்ப்பட்டவன் செய்யும் சலாமுக்கு மேலதிகாரி பதில் சலாம் செய்தே தீர வேண்டும் என்ற விதியின் தாத்பரியமும் அதுவே.

பாளையங்கோட்டைக் கோட்டையின் பெரும்பகுதி இடிந்து மறைந்துவிட்டது. எஞ்சிய சில கட்டடங்களைக் கடந்து ஜனங்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு செல்கிறார்கள். சுதந்திர பாரதத்தின் சேனையில் சீக்கிய வீரர் தம் தாடியோடும் தலைப்பாகையோடும் அணிவகுத்து நிற்கிறார். அதனால் அவ்வணியின் ஒழுங்கு ஓர் அணுவும் குறைந்ததில்லை. ஆயினும் உடுப்பு விதி செய்வோர் என்றும் இருப்பார்கள். பட்டாளத்தில் மட்டுமா? போலீஸிலும் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் இருப்பார்கள். பிறருடைய தோற்றத்தைப் பற்றி உத்தரவில் கையொப்பமிடும் ஒவ்வொருவரும் பேனாவை எடுக்குமுன் இரண்டு கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். இந்த விதி வேலைக்குத் தேவையா, நம் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும் என்பதற்காகவா? இதை அணியப் போகிறவனிடம் நாம் பேசினோமா? 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த பெரிய துரைமார் இவ்விரண்டையும் கேட்டிருந்தால், வேலூரில் அத்தனை பிணங்கள் விழுந்திரா. தாமிரபரணிக் கரையில் அத்தனை சிப்பாய்கள் அவமானப்பட்டு நின்றிருக்கவும் மாட்டார்கள்.